நினைவும் கவனமும் தளர்ந்தவருக்கு வீட்டில் பயிற்சி: வன்னிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நினைவாற்றல் குன்றிய ஒருவர் வீட்டில் இருந்தால், சுகம் விசாரிக்க வருகிறவர்கள் படலையைத் திறந்து உள்ளே வந்ததும் அவரிடம் கேட்பது இதைத்தான்: "நான் யார் என்று தெரிகிறதா, சொல்லுங்கள் பார்ப்போம்?" அன்பில்தான் கேட்கிறார்கள். அவர் தடுமாறி ஒரு பெயரைச் சொல்கிறார், பிழை. இன்னொன்றைச் சொல்கிறார், அதுவும் பிழை. கூடியிருப்பவர்கள் சிரித்துச் சமாளிக்கிறார்கள். பயிற்சி என்ற பெயரில் நம் வீடுகளில் அதிகம் நடப்பது இந்தப் பரீட்சைதான். அதனால் நினைவு கூடுவதில்லை. சொன்ன பிழைதான் மனத்தில் ஊன்றிக்கொள்கிறது.

எறிகணைச் சிதறலாலோ வீதி விபத்தாலோ தலையில் காயப்பட்டவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள், முதுமை மறதி தொடங்கியவர்கள், போரின் பின்னான மன அழுத்தத்தால் கவனம் சிதறுகிறவர்கள் ஆகியோரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை முழுவதையும் கூர்மையாக்கும் பயிற்சி என்று ஒன்றை நம்பி மாதங்களைச் செலவிட வேண்டாம். அவருக்கு அன்றாடம் தேவைப்படும் ஒரு வேலையைத் தெரிவுசெய்து, அந்த வேலையையே பழக்குங்கள்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2,832 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. நினைவுப் பயிற்சி பெற்றவர்கள் நினைவுச் சோதனையில் முன்னேறினார்கள்; தர்க்கப் பயிற்சி பெற்றவர்கள் தர்க்கத்தில் முன்னேறினார்கள். ஒன்றில் கிடைத்த தேர்ச்சி மற்றொன்றுக்குத் தாவவில்லை. கைபேசியில் மூளை விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கை 2016இல் 20 இலட்சம் டொலர் செலுத்தி முடித்துக்கொண்டது. விளையாட்டு பிடித்திருந்தால் விளையாடட்டும். 304 சீட்டாட்டமும் தாயமும் அதைவிட நல்லவை. கூட இருந்து பேச ஆளாவது கிடைக்கும். வல்லாரைச் சம்பலும் அப்படியே: சாப்பாட்டுக்கு நல்லது, மருந்தாக எண்ண வேண்டாம்.

முதலில் வைத்தியசாலை

எல்லா மறதியும் மூளை தேய்வதால் வருவதல்ல. தைரொயிட் சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, இரத்தச்சோகை, மனச்சோர்வு, நித்திரைக் குறைவு, தொடர்ந்து குடிப்பது ஆகிய எல்லாம் நினைவையும் கவனத்தையும் கெடுக்கும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நீரிழிவுக்காக ஆண்டுக்கணக்கில் மெட்போமின் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

குளிசைகளையும் சந்தேகிக்க வேண்டும். நித்திரைக் குளிசை, தடிமனுக்கு வாங்கிப் போடும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிற்றிப்றிலின், மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்குத் தரும் பென்செக்சோல் ஆகியவை, முக்கியமாக வயதானவர்களில், நினைவை மந்தமாக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். காதையும் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். காதில் விழாத சொல்லை யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது.

வன்னிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. உடலில் எறிகணைச் சிதறல் எங்காவது இருந்தால், அது சிறு துண்டாக இருந்தாலும், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தப்புலம் உலோகத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும்.

மறதியும் குழப்பமும் சில மணித்தியாலங்களிலோ ஓரிரு நாளிலோ திடீரென வந்தால் அது பயிற்சிக்குரிய விடயம் அல்ல. காய்ச்சலோடு பிதற்றுதல், விழுந்து தலையில் அடிபட்டபின் தூங்கி வழிதல், வலிப்பு, முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் சோர்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்; கட்டணம் இல்லை. அவசரமற்ற நிலையில் வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவையும், அன்றாட வேலைகளை மீண்டும் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையையும் பற்றிக் கேளுங்கள். மனநலம் சார்ந்த ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

"எல்லாம் மறந்துபோகிறார்" என்பதை வைத்துப் பயிற்சி தொடங்க முடியாது. எது, எப்போது, எந்த இடத்தில் தவறுகிறது என்று ஒரு வாரம் கொப்பியில் குறியுங்கள். குறித்ததைப் பார்த்தால் நான்கில் ஒன்று தெரியவரும். சொன்னது உள்ளே போகவேயில்லை என்றால் அது கவனக் குறை. அந்த நேரம் விளங்கிக்கொண்டு பதில் சொன்னவர், பத்து நிமிடத்தில் முற்றாக மறந்து, குறிப்புக் கொடுத்தாலும் நினைவுகூராவிட்டால் சேமிப்பில் குறை. முதல் எழுத்தைச் சொன்னதும் விடை வந்துவிட்டால் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. செய்ய வேண்டியது என்னவென்று கேட்டால் சொல்கிறார், ஆனால் உரிய நேரத்தில் செய்யாமல் விடுகிறார் என்றால், அவருக்கு நினைவூட்டல் மணி போதும்.

பாரிசவாதம் வந்தவரில் இன்னொன்றையும் பாருங்கள். தட்டின் இடப்பக்கச் சோறு தொடப்படாமல் கிடக்கிறதா? கதவின் இடது நிலையில் தோளை இடித்துக்கொள்கிறாரா? மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் வருவதில்லை. கண் தெரியவில்லை, அல்லது அக்கறை இல்லை என்று வீட்டார் கோபிப்பார்கள். தட்டின், பத்திரிகையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, "சிவப்பைக் காணும்வரை தலையைத் திருப்புங்கள்" என்று ஒவ்வொரு வேளையும் பழக்க வேண்டும்.

வீட்டை மாற்றுவது இலகு

மனிதரை மாற்றுவதற்கு முன் வீட்டை மாற்றுங்கள். திறப்பு, கண்ணாடி, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும் வாசலுக்கு அருகே ஒரே தட்டு. பெரிய எழுத்துக் கலண்டரும் மணிக்கூடும் அவர் வழக்கமாக அமரும் இடத்துக்கு நேரே. பேசும்போது தொலைக்காட்சி நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும்.

சில விடயங்களைப் பழக்கவே முயல வேண்டாம், தடுத்துவிடுங்கள். களைநாசினியையும் பூச்சிநாசினியையும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் உள்ள வீட்டில், நினைவு தளர்ந்தவர் எதையும் குடித்துவிடலாம். அவற்றைப் பூட்டி வையுங்கள். கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டால் கட்டுங்கள், அதுவரை வேலி போடுங்கள். வலிப்பு வந்தவர் வைத்தியர் அனுமதிக்கும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. பொழுதுபட்டபின் வெளியே நடந்து போய்விடுகிறவராக இருந்தால், யானை வரும் பகுதிகளில் இது உயிர்ப் பிரச்சினை: சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டை இருக்கட்டும், சந்திக் கடைக்காரருக்கும் அயலவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்த வீட்டாரைத்தான் பிறகு இரவில் டோர்ச் வெளிச்சத்தோடு காண்கிறோம்.

ஒரே ஒரு இலக்கு

அவரோடு இருந்து பேசி ஒன்றை மட்டும் தெரிவுசெய்யுங்கள். "ஞாபகம் கூட வேண்டும்" என்பது இலக்கு அல்ல. "காலைக் குளிசையை யாரும் சொல்லாமல் எடுக்க வேண்டும்", "தேத்தண்ணீர் போட்டபின் அடுப்பை அணைக்க வேண்டும்", "சந்தைக்குப் போய் மூன்று பொருளோடு திரும்ப வேண்டும்" என்பவை இலக்குகள். அவருக்கே ஆசையுள்ள வேலையாக இருந்தால் பாதிச் சிரமம் குறையும். தோட்டக்காரருக்குப் பம்பி, பேரப்பிள்ளையில் உயிராக இருக்கும் அம்மம்மாவுக்கு, பிள்ளை பாடசாலை விட்டு வரும் நேரம்.

ஏன் பிழை விடக்கூடாது

1953இல் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பை நிறுத்தச் செய்த மூளை அறுவைச் சிகிச்சையின் பின் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் நாள்தோறும் கொடுத்தபோது அவருடைய கை தேறிக்கொண்டே வந்தது. முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. ஏ9 வீதியில் முறிகண்டியில் வண்டி நின்றதும் யாரும் சொல்லாமலே சாரதி இறங்கிப் பிள்ளையாரிடம் போகிறாரே, அந்த வகைப் பழக்க நினைவு இது. நிகழ்ச்சி நினைவு போனபின்னும் இது பெரும்பாலும் மிஞ்சுகிறது. நம் பயிற்சி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இந்தப் பழக்க நினைவுக்கு ஒரு குறை உண்டு. சரி, பிழை பார்க்கத் தெரியாது. செய்ததைத்தான் திரும்பச் செய்யும். நமக்கு நேற்றுச் சொன்னது பிழை என்று நினைவிருக்கும், திருத்திக்கொள்வோம். அவருக்கு அந்த நினைவு இல்லாததால் பிழையே பழக்கமாகிவிடும். பார்பரா வில்சன், அலன் பேட்லி ஆகிய பிரித்தானிய உளவியலாளர்கள் 1994இல் இதை எடுத்துக்காட்டினார்கள்: ஊகிக்கச் சொல்லிக் கற்பித்ததைவிட, விடையை முன்கூட்டியே சொல்லிப் பிழைக்கு இடமின்றிக் கற்பித்தபோது நினைவிழந்தவர்கள் கூடுதலாகக் கற்றார்கள்.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். "யோசித்துப் பாருங்கள்" என்று யாரும் சொல்லக்கூடாது. வருகிறவர் தானாகவே "பெரியம்மா, நான் உங்கள் தங்கச்சியின் மகள், மல்லாவியில் இருந்து வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரட்டும். மகளின் தொலைபேசி இலக்கத்தைப் பழக்குவதானால், முழு இலக்கத்தையும் எழுதிக் காட்டி வாசிக்கச் செய்யுங்கள். பிறகு கடைசி எண்ணை மட்டும் மறையுங்கள். அது தடையின்றி வந்தபின் கடைசி இரண்டு. தயங்குகிறார் என்று கண்டதும், அவர் ஊகிக்க முன், விடையைக் கொடுத்துவிடுங்கள். பொறுமை தேவைப்படுவது கற்பிக்கிறவருக்குத்தான்.

இடைவெளி விட்டு நினைவுகூரச் செய்தல்

என் அனுபவத்தில் வீட்டில் செய்வதற்கு இதைப்போல் மலிவான, பலனுள்ள முறை வேறில்லை. லாண்டவர், பியோர்க் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் விரிந்துகொண்டே போகும் இடைவெளிகளில் நினைவுகூருவதன் பலனை விவரித்தார்கள். கமரன் காம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை முதுமை மறதி உள்ளவர்களுக்குக் கொண்டுவந்தார்.

"குளிசை போட்டேனா?" என்று நாள் முழுவதும் கேட்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். முதலில் குளிசை எடுத்ததும் கலண்டரில் புள்ளடி போடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பிறகு அமைதியான நேரத்தில் இருத்திச் சொல்லுங்கள்: "அம்மா, குளிசை போட்டதா என்று அறிய வேண்டுமானால் கலண்டரைப் பார்க்க வேண்டும்." உடனே கேளுங்கள்: "குளிசை போட்டதா என்று எப்படி அறிவீர்கள்?" அவர் "கலண்டரைப் பார்ப்பேன்" என்று சொல்லி, எழுந்து போய்ப் பார்க்கவும் வேண்டும். சொல்லோடு செயலும் சேர்ந்தால்தான் பழக்கமாகும். அரை நிமிடம் கழித்து அதே கேள்வி. பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. இடையில் கச்சான் உடைத்துக்கொண்டோ ஊர்க் கதை பேசிக்கொண்டோ இருங்கள். அந்த விடயத்தை மட்டும் பேச வேண்டாம்.

விடை வராவிட்டால் "சொன்னேனே, மறந்துவிட்டீர்களா?" என்று கேட்காமல், விடையை நீங்களே சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். கடைசியாக எந்த இடைவெளியில் சரியாகச் சொன்னாரோ அதற்குத் திரும்புங்கள். மறுநாள் காலையில் அதே கேள்வியோடு தொடங்குங்கள். அடுத்தடுத்து மூன்று நாள் முதற்தடவையிலேயே சரியாகச் சொல்லிச் செய்தால் அது ஊன்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் குடும்பங்கள் தவறுவது ஓரிடத்தில்: மகள் ஒரு சொல்லிலும் மருமகன் வேறு சொல்லிலும் கேட்பார்கள். கேள்வியை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லோரும் அதையே அட்சரம் பிசகாமல் கேட்கட்டும். ஒன்று ஊன்றும்வரை இரண்டாவதைத் தொடங்க வேண்டாம்.

கொப்பியும் கைபேசியும்

சிலர் "கொப்பியைப் பார்த்தால் மூளை சோம்பேறியாகிவிடும்" என்று அதைப் பறித்து வைப்பார்கள். கால் இழந்தவரிடம் இருந்து ஊன்றுகோலைப் பறிக்கிற வேலை அது. 2001இல் இங்கிலாந்தில் 143 பேரிடம் செய்த ஆய்வில், நேரத்துக்கு நேரம் செய்தி அனுப்பி நினைவூட்டும் சிறு கருவி மட்டுமே பெரும்பாலானவர்களின் அன்றாட வேலைகளைக் கணிசமாக ஒழுங்காக்கியது. அன்று அதற்குத் தனிக் கருவி வேண்டியிருந்தது. இன்று சாதாரணக் கைபேசி போதும்.

ஒரு நினைவூட்டல் மணிக்கு ஒரு செயல் என்று வையுங்கள். கைபேசி இடம் கொடுத்தால் மணிச் சத்தத்துக்குப் பதிலாக மகளின் குரலில் "அப்பா, மத்தியானக் குளிசையை எடுங்கள்" என்று பதிவுசெய்யுங்கள். செயலைச் செய்தபின்தான் மணியை நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்குங்கள். நிறுத்திவிட்டுச் செய்வோம் என்றால் அந்த இடைவெளியில் மறந்துவிடும்.

கொப்பி சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். இன்று செய்ய வேண்டியவை, நடந்தவை, ஆட்களும் இலக்கங்களும் என்று மூன்று பகுதி போதும். கொப்பியை வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதால்தான் அது அலுமாரியில் தூங்குகிறது. முதல் வாரம் எங்கே என்ன எழுதுவது என்று மட்டும் பழக்குங்கள். பிறகு திறக்கும் நேரங்களை நிலையான நிகழ்ச்சிகளோடு கட்டுங்கள்: காலைத் தேத்தண்ணீர் குடித்ததும், மத்தியானம் சாப்பிட்டதும், விளக்கு வைத்ததும். அது படிந்தபின் சந்தைக்கும் கிளினிக்குக்கும் கொண்டுபோகச் செய்யுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குப் படங்களும் நிறங்களும்.

கவனம் சிதறுகிறவருக்கு

இங்கே முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். 2009இல் போரின் இறுதி மாதங்களைக் கடந்து வந்த பலருக்குக் கவனம் குறைவாக இல்லை. ஆபத்தின்மேல் அளவுக்கு மீறி இருக்கிறது. கதவு அடித்தால் திடுக்கிடுவார், உலங்குவானூர்திச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும், இரவில் நித்திரை இல்லை. மே மாதம் நெருங்கும்போது கூடும். இவருக்குக் கவனப் பயிற்சி கொடுத்துப் பயன் இல்லை. மனநலப் பிரிவில் உளவழிச் சிகிச்சை முதலில். வீட்டில் செய்யக்கூடியது, முதுகுப்பக்கம் சுவரும் முன்னால் படலையும் தெரியும்படி இருக்கை போடுவது. காவல் பார்க்கும் தேவை குறைந்தால் கையிலுள்ள வேலைக்குக் கொஞ்சம் கவனம் மிஞ்சும்.

தலைக்காயத்தால் கவனம் குன்றியவருக்கு, களைக்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் தொடக்கம். உழுந்து புடைப்பதோ அரிசியில் கல் பொறுக்குவதோ கொடுத்து, எந்த நிமிடத்தில் பிழை கூடுகிறது என்று பாருங்கள். பன்னிரண்டாம் நிமிடம் என்றால் பத்தில் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டலாம். அமைதியில் தேறியபின் வானொலியை மெதுவாகப் போட்டுச் செய்யலாம். இரு வேலையை ஒரே நேரத்தில் செய்வது கடைசிப் படி; பலருக்கு அது தேவையே இல்லை.

வேலைக்கு நடுவே தடம் மாறிப்போகிறவருக்கு "நிறுத்து, என்ன செய்துகொண்டிருக்கிறேன்?" என்று தனக்குத் தானே உரக்கக் கேட்கப் பழக்குங்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு அவர் உரக்க, பிறகு முணுமுணுப்பாக, பிறகு மனத்துக்குள்.

பல படிகள் உள்ள வேலை

நீர்ப்பம்பியை இயக்குவது போன்றவற்றைக் கடைசிப் படியில் இருந்து கற்பியுங்கள். எண்ணெய் பார்ப்பது, எரிபொருளைத் திறப்பது, சோக் இழுப்பது எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்க நீங்களே செய்து, கயிற்றை இழுப்பதை மட்டும் அவரிடம் விடுங்கள். தண்ணீர் வரும், முடித்தது அவர். அது கைவந்தபின் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. படிகளைப் படமாக வரைந்து பம்பிக் கொட்டிலில் தொங்கவிடுங்கள்.

பழையதைத் தொடும்போது

முதுமை மறதி உள்ளவர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, வாரம் இருமுறை என ஏழு வாரத்தில் 14 அமர்வுகள் நடத்தும் ஊக்கமுறை ஒன்று உண்டு. 201 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில் அது மிதமான பலன் தந்தது. சென்னையில் மனநலத் துறையில் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தினர் அதைத் தமிழுக்குத் தகவமைத்திருக்கிறார்கள். சனசமூக நிலையத்தில் பாய் விரித்தே இதைச் செய்யலாம். "உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்?" போன்ற தகவற் கேள்வியை விட்டு, "பொங்கலுக்கு எந்த அரிசி நல்லது?" என்று அபிப்பிராயம் கேட்பதே அதன் நுட்பம். அபிப்பிராயத்தில் பிழை இல்லை.

ஆனால் பழைய நினைவைக் கிளறுவது நல்லது என்ற பொது அறிவுரையை இங்கே அப்படியே எடுக்க முடியாது. அந்தக் கதவைத் திறந்தால் அது முள்ளிவாய்க்காலில் போய் நிற்கக்கூடும். அண்மை நினைவு அழிந்தவருக்கு, இறந்த மகனின் செய்தி ஒவ்வொரு முறையும் புதிதாக விழும். வற்றாப்பளைப் பொங்கல், சூடடிப்பு, பாடசாலை, குளத்து மீன் என்று பாதுகாப்பான தலைப்புகளைக் குடும்பத்தோடு பேசி முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இடப்பெயர்வில் அல்பங்கள் தொலைந்த வீடுகளே அதிகம். வெளிநாட்டு உறவினரிடம் பழைய திருமணப் படங்கள் இருக்கும். வட்ஸ்அப்பில் வாங்கிப் பிரதியெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் உறவுமுறையும் எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதியிருந்தால் யாரும் பரீட்சை வைக்க மாட்டார்கள்.

கணக்கு வைத்தல்

தொடங்க முன் ஒரு வாரம், இலக்குவைத்த செயல் எத்தனை நாள் தானாக நடந்தது என்று எண்ணி வையுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் கலண்டரில் ஒரு குறி: தானாகச் செய்தால் புள்ளடி, நினைவூட்டிச் செய்தால் வட்டம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் செய்யுங்கள். ஐந்தாறு வாரம் சென்றும் வட்டங்கள் குறையாவிட்டால் இலக்கு பெரிது. அதை இரண்டாகப் பிரியுங்கள். தேறியது திடீரென்று கெட்டால் பயிற்சியைக் கூட்டாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்: தொற்றோ புதிய குளிசையோ காரணமாக இருக்கலாம்.

இவ்வளவையும் பெரும்பாலும் மனைவியோ மூத்த மகளோ ஒருத்தியே சுமக்கிறாள். கிழமையில் ஒரு பின்னேரமாவது வேறொருவர் பொறுப்பெடுக்க வேண்டும். சுவரில் ஒட்டிய அந்தக் கேள்வித் தாள் இருந்தால் அயல்வீட்டு அக்காவாலும் பயிற்சியைத் தொடர முடியும். உழைப்பவரே நோயாளியான வீடு என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகள் பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். போகும்போது நோயறிதல் எழுதிய கிளினிக் கொப்பியின் பிரதியைக் கொண்டுபோங்கள். அடுத்த கிளினிக்கில் கலண்டர் தாள்களை வைத்தியரிடமும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் காட்டுங்கள். அடுத்த இலக்கை அவற்றைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.